அமிர்தவள்ளியின் அசதி

ஆம்பூரில் ரயில் பாதையை ஒட்டியிருந்த அந்தத் தெருவில், அமிர்தவள்ளியைப் போலத் தண்ணீர் சுமக்கிறவள் யாரும் இல்லை என்று பெயர். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம், வலது கையில் வாளி. மூன்றையும் சுமந்துகொண்டு தெருக்குழாயிலிருந்து வீடு வரைக்கும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வருவாள். அணைக்கட்டு என்ற ஊரில் வேர்க்கடலைக் கொல்லையில் வளர்ந்த உடம்பு. 1970இல் கல்யாணமாகி ஆம்பூருக்கு வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. கணவன் கோவிந்தசாமி தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புக் குழியில் தோல்களை இறக்கி ஏற்றும் வேலையில் இருந்தான். அவனுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டதால் பத்து வயதுத் தங்கை சுந்தரியும் அவர்களோடுதான் இருந்தாள். அவளுக்கு எண்ணெய் வைத்துத் தலை வாரிவிட்டதிலிருந்து, வயதுக்கு வந்தபோது தண்ணீர் ஊற்றியது வரை எல்லாம் அண்ணிதான். அமிர்தவள்ளிக்குச் சொந்தமாக ஒரு பெண் பிறந்து, அதற்குப் பூரணி என்று பெயர் வைத்த பிறகும், யாராவது கேட்டால் தனக்கு இரண்டு பெண்கள் என்றே சொல்வாள்.

தோலாக மட்டும் கப்பலேற்றினால் போதாது, ஷூவாகவும் செய்து அனுப்ப வேண்டும் என்று ஊரில் பேச்சுக் கிளம்பிய காலம் அது. 1975இல் பழைய தோல் கிடங்கு ஒன்றுக்கு வெள்ளையடித்து, டியூப் லைட் போட்டு, நீள நீளமாக மேசைகளை அடித்துப் பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். ஷூவின் மேல் பாகத்துக்கு அங்கே அப்பர் என்று பெயர். வெட்டிய தோல் துண்டுகளின் ஓரத்தில் பிரஷ்ஷால் பசை தடவி, கொஞ்சம் ஆறவிட்டு, மடித்து ஒட்டித் தையலுக்கு அனுப்ப வேண்டும். பசையைச் சொல்யூஷன் என்றார்கள். தூசி விழுந்தால் ஒட்டாது என்று ஜன்னல்களைச் சாத்தியே வைத்திருந்தார்கள். முதல் வாரம் அந்த வாடை அமிர்தவள்ளிக்குத் தலையைக் கிறுகிறுக்க வைத்தது. அப்புறம் பழகிவிட்டது. பழகியதோடு நிற்காமல் பிடித்தும் போனது. பழுத்த பழம்போல லேசான இனிப்பு அதில் இருந்தது. கையில் ஒட்டிய பசையை, பசையை இளக்குகிற திராவகத்திலேயே கழுவிக்கொண்டு டிபன் டப்பாவைத் திறப்பார்கள்.

மூன்று வருஷம் எந்தக் குறையும் இல்லை. 1978 சித்திரையில் ஒரு காலை, குழாயடியில் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தவள் பத்தடி நடந்ததும் இறக்கி வைத்தாள். மூச்சு வாங்கியது. வெயில் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாளும் அப்படித்தான். ஒரு வாரத்தில் இரண்டு குடம் ஒன்றானது. பிறகு ஒரு குடம் அரைக் குடமானது.

வேலை செய்து வருகிற களைப்பு அவளுக்குத் தெரியும். அது படுத்தால் போய்விடும். இது படுத்து எழுந்தாலும் போகவில்லை. காலையில் பாயைச் சுருட்டும்போதே கையும் காலும் ஈரத்துணிபோலக் கனத்தன. சோற்றை வடிக்கப் பானையைச் சாய்த்துவிட்டு, நிமிர்த்துவதற்கு முன் சுவரில் சாய்ந்து நிற்க வேண்டியிருந்தது. இதை யாரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்ப்பார்கள். காயம் என்றால் கட்டுப் போடுவார்கள். அசதி என்றால் சிரிப்பார்கள்.

"இன்னா அமிர்தம், கலர் ஏறிக்கினே போற. கம்பெனி நிழல் ஒத்துக்கிச்சா?" என்று குழாயடியில் கேட்டார்கள். உண்மையில் அவள் வெளுத்துத்தான் போயிருந்தாள். கறுத்த முகத்தில் மஞ்சள் பூசியதுபோல ஒரு வெளுப்பு. அதை எல்லோரும் அழகு என்றார்கள்.

கோவிந்தசாமி கெட்டவன் இல்லை. ஆனால் நாள் முழுக்க முழங்கால் வரை சுண்ணாம்புத் தண்ணீரில் நிற்கிறவன். "உக்காந்த எடத்துல பிரஷ் புடிக்கிற வேலை. அதுக்கே இப்டி சாஞ்சிக்கினா நான்லாம் இன்னா பண்றது?" என்று ஒருநாள் சொன்னான்.

மேசையில் அவள் கை மெதுவாகிக்கொண்டே வந்தது. மற்றவர்கள் முடித்த பிறகும் அவள் முன்னால் தோல் துண்டுகள் குவிந்திருந்தன. வேலை போய்விடும் என்று பயம். அந்த நேரத்தில்தான் சுந்தரி, "அண்ணி, நானும் கம்பெனிக்கு வர்றேனே" என்று கேட்டாள். பதினெட்டு வயது, மின்னல் மாதிரிக் கை. அமிர்தவள்ளியே சூப்பர்வைசர் நந்தகோபாலிடம் போய்ச் சிபாரிசு செய்து அவளைத் தன் பக்கத்து இடத்தில் உட்கார வைத்தாள். சுந்தரி தன் குவியலை முடித்துவிட்டு அண்ணியின் குவியலையும் இழுத்து முடித்துக் கொடுத்தாள். அந்த ஒன்றரை வருஷம் அமிர்தவள்ளியின் வேலை நிலைத்தது அப்படித்தான்.

பிறகு உடம்பில் எதிலும் இடித்துக்கொள்ளாமலே நாவல்பழ நிறத்தில் திட்டுகள் வந்தன. பல் துலக்கினால் ரத்தம். உள்ளூர் டாக்டர் சத்து டானிக் எழுதிக் கொடுத்தார். 1979 ஐப்பசியில் ஒரு மத்தியானம், மேசையில் குனிந்திருந்தவளின் மூக்கிலிருந்து ரத்தம் சொட்டி வெள்ளைத் தோலின் மேல் விழுந்தது. நந்தகோபால் ஓடிவந்து முதலில் தோலைத்தான் எடுத்துத் துடைத்தார். ரத்தம் நிற்கவில்லை. அன்று சாயங்காலமே கோவிந்தசாமியும் சுந்தரியும் அவளைப் பஸ்ஸில் ஏற்றி வேலூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே இடுப்பெலும்பில் ஊசியை இறக்கி உள்ளேயிருந்து மஜ்ஜையை எடுத்துப் பார்த்தார்கள். அவளைப் பார்த்த டாக்டரம்மா மலையாளத்துக்காரர். நிறுத்தி நிறுத்தித் தமிழ் பேசுவார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டார். இந்த ஒன்றரை வருஷத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. அமிர்தவள்ளி சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார். ஜன்னல் சாத்தியிருப்பதைச் சொன்னபோது பேனாவை நிறுத்தினார்.

"ரத்தம் எலும்புக்குள்ளதான் ஊறும். உங்களுக்கு ஊறுற இடம் காஞ்சு போயிருக்கு. காரணம் இதுதான்னு நிச்சயமா சொல்ல முடியாது. ஆனா அந்தப் பசையில இருக்கிற திராவகம் இப்படிச் செய்யும். இனி அந்த வேலைக்குப் போகக் கூடாது."

"என் நாத்தனார் அங்கதான் இருக்கா டாக்டரம்மா."

"அவங்களையும் நிறுத்துங்க."

முதலில் ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. அணைக்கட்டிலிருந்து அண்ணன் சம்பத் வந்து ஒரு தடவை கொடுத்தான். கோவிந்தசாமியின் ரத்தம் சேரவில்லை. சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பினால் ஒவ்வொருவருக்கும் அன்றைக்கென்று ஒரு வேலை வந்தது. இரண்டாம் தடவை யாருமில்லாமல் கோவிந்தசாமி வராந்தாவில் நின்றபோது, பக்கத்து வீட்டு வஹீதா புர்க்காவோடு படியேறி வந்தாள். நாற்பது வயதுக்காரி, நான்கு பிள்ளை பெற்றவள். அவள் ரத்தம் சேர்ந்தது.

"பாய் ஒண்ணும் சொல்லலியாக்கா?" என்று அமிர்தவள்ளி கட்டிலில் படுத்தபடி கேட்டாள்.

"அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா தெரியட்டும். நீ பேசாத, மூச்சு வாங்குது பாரு."

வஹீதாவின் ரத்தம் ஏறிய மறுநாள் அமிர்தவள்ளி தானே எழுந்து தலை வாரிக்கொண்டாள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஜடை பின்ன முடிந்தது. அதற்குப் பிறகு பல வருஷம் அவள் வாழ்க்கை இந்தக் கணக்கில்தான் போனது. ரத்தம் ஏற்றினால் பத்து நாள், பதினைந்து நாள் மனுஷியாக இருப்பாள். அப்புறம் மெல்ல மெல்ல வடிந்து, மறுபடி சுவரைப் பிடித்து நடப்பாள்.

எலும்பைத் தூண்டிவிட மாத்திரையும் கொடுத்தார்கள். அது ஆம்பளைகளுக்கு ஊறுகிற சத்து, முகத்தில் முடி வரலாம், குரல் மாறலாம், உயிர் முக்கியம் என்று டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லித்தான் கொடுத்தார். தலையாட்டி வாங்கிக்கொண்டாள். ஆறு மாதத்தில் மாதவிலக்கு நின்றது. மேலுதட்டிலும் தாடையிலும் முடி வந்தது. குரல் இறங்கி இறங்கிக் கடைசியில் கோவிந்தசாமியின் குரலைவிடத் தடித்துப் போனது. ரத்தம் கொஞ்சம் கூடியிருந்தது என்பதும் உண்மை. மாதாமாதம் ஏற்றியது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆனது. அசதி மட்டும் போகவில்லை.

பூரணிக்கு அப்போது ஆறு வயது. அவளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பத் தெம்பு இல்லாமல், சம்பத் வீட்டில் அணைக்கட்டிலேயே விட்டிருந்தார்கள். பரீட்சை லீவுக்கு அழைத்து வந்தபோது, வாசலில் நின்ற குழந்தையை அமிர்தவள்ளி, "வாடி கண்ணு" என்று கூப்பிட்டாள். குழந்தை அவளைப் பார்த்தது, பின்னால் யாராவது ஆம்பளை பேசினாரா என்று வீட்டுக்குள் எட்டிப் பார்த்தது, பிறகு மாமன் காலைக் கட்டிக்கொண்டது. அந்த லீவு முழுக்க அமிர்தவள்ளி குழந்தையிடம் வாய் திறந்து பேசவில்லை. கையால் கூப்பிட்டாள், கண்ணால் சிரித்தாள். அப்படிப் பேசாமல் இருந்தபோதுதான் பூரணி அவள் மடியில் வந்து படுத்தாள்.

கோவிந்தசாமி விடியலில் எழுந்து சோறாக்கி, குழம்பு வைத்து, தண்ணீர் பிடித்து ஊற்றிவிட்டு டேனரிக்குப் போனான். அதை யாரிடமும் சொல்லிக்காட்டியதில்லை. ஆனால் படுக்கையை வாசல் பக்கம் மாற்றிக்கொண்டான். அதைப் பற்றியும் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

சுந்தரியை வேலையிலிருந்து நிறுத்தும் பேச்சு மட்டும் எடுத்த இடத்திலேயே நின்றது. டாக்டரம்மா சொன்னதை அமிர்தவள்ளி வீட்டுக்கு வந்த அன்றே சொன்னாள்.

"நூறு பொம்பளைங்க வேலை செய்றாங்க. உனக்கு மட்டும் எப்டி வரும்? அது உன் உடம்பு வாகு" என்றான் கோவிந்தசாமி.

சுந்தரி, "எனக்கு ஒண்ணும் ஆகாது அண்ணி. நான் ஸ்டிச்சிங்குக்கு மாத்திக் கேக்குறேன்" என்றாள். கேட்டாளோ இல்லையோ, மாற்றவில்லை. கம்பெனி அவளுக்குப் பிடித்திருந்தது. கூட்டாளிகள் இருந்தார்கள், தைப்பொங்கலுக்குச் சேர்ந்து சினிமாவுக்குப் போனார்கள், தோளில் மாட்டுகிற பை ஒன்று வாங்கியிருந்தாள். அமிர்தவள்ளி ஒரு தடவை சொன்னாள், இரண்டு தடவை சொன்னாள். மூன்றாம் தடவை வாயைத் திறந்தபோது மூச்சு வாங்கியது. அப்புறம் சொல்லவில்லை.

1982 ஆடியில் வழக்கம்போல ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது விஜயகுமாரி என்ற படிக்கிற பெண் ஒருத்தி அட்டையும் பேப்பருமாக வந்து பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாகாயத்து மெடிக்கல் காலேஜிலிருந்து வருகிறாளாம். ரத்த நோய்க்காரர்கள் வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதுகிறாளாம். மாடிப்படி ஏற முடியுதா, சமைக்க முடியுதா, தூக்கம் வருதா, யாராவது உதவி செய்றாங்களா. ஒவ்வொன்றுக்கும் அமிர்தவள்ளி சொன்ன பதிலுக்கு எதிரே டிக் போட்டாள்.

"அவ்ளோதாங்க. வேற எதுனா சொல்லணுமா?"

இவ்வளவு கேள்வி இதற்கு முன் அமிர்தவள்ளியை யாரும் கேட்டதில்லை.

"ஒண்ணு நீ கேக்கலம்மா. என்னால கோவப்பட முடியல."

பெண் புரியாமல் பார்த்தாள்.

"கோவம் வருது. வந்து உள்ளயே நின்னுடுது. கத்தணும்னா மூச்சு வேணும், எழுந்து நிக்கணும். அதுக்குத் தெம்பு இல்ல. அதனால யார் இன்னா சொன்னாலும் சரின்னுடறேன். எல்லாரும் நான் நல்லவளாய்ட்டேன்னு நெனைக்கிறாங்க."

விஜயகுமாரி அதற்கு டிக் போட இடம் தேடினாள். இல்லை. தாளின் ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதிக்கொண்டாள்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுந்தரி துவைக்கிற கல்லருகே நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தாள். துப்பியதில் சிவப்பு இருந்தது. வாசல்படியில் உட்கார்ந்திருந்த அமிர்தவள்ளி அதைப் பார்த்தாள்.

"இங்க வா."

"இன்னா அண்ணி?"

"கையக் காட்டு."

ரவிக்கைக் கைக்குக் கீழே, உள்பக்கம், இரண்டு நீலத் திட்டுகள். சுந்தரி கையை இழுத்துக்கொண்டாள். "மேசையில இடிச்சிக்கினேன்" என்றாள். இரண்டு வாரமாகச் சாயங்காலம் சாயங்காலம் ஜுரம் வருவதையும் அப்புறம் சொன்னாள்.

அமிர்தவள்ளிக்கு ஒரு நாளைக்கு ஒரு வேலைக்குத்தான் தெம்பு. குளித்தால் சமைக்க முடியாது, சமைத்தால் குளிக்க முடியாது. திங்கட்கிழமை அவள் குளிக்கவுமில்லை, சமைக்கவுமில்லை. சுந்தரியைக் கோவிந்தசாமியோடு வேலூருக்குப் பஸ் ஏற்றிவிட்டு, வஹீதாவின் தோளைப் பிடித்துக்கொண்டு கம்பெனிக்குப் போனாள். அரை மைல் தூரத்துக்கு ஏழு இடத்தில் உட்கார்ந்தாள். பழைய ஆள் என்று வாட்ச்மேன் அவளை உள்ளே விட்டுவிட்டான். வஹீதா வாசல் கேட்டிலேயே நின்றுகொண்டாள்.

கிடங்கில் அதே மேசைகள், அதே வாடை. இப்போது அந்த இனிப்பு அவளுக்குக் குமட்டியது. நந்தகோபால் எழுந்து வந்தார்.

"இன்னாம்மா இது, சொல்லாம கொள்ளாம. ஒடம்பு தேவலியா?"

அவள் அவரைப் பார்க்கவில்லை. மேசைகளைப் பார்த்துப் பேசினாள். அந்தத் தடித்த குரல், எந்தக் குரலை மறைத்துக்கொண்டு இரண்டு வருஷமாகத் தெருவில் பேசாமல் நடந்தாளோ அந்தக் குரல், கிடங்கின் அந்தக் கோடி வரைக்கும் போனது.

"நான் அமிர்தவள்ளி. மூணாவது டேபிள்ல இருந்தவ. எனக்கு இன்னா ஆச்சுன்னு பாருங்க. மீசையப் பாருங்க. வெக்கப்படாம பாருங்க. இது மாத்திரையால வந்தது, மாத்திரை தின்ன வெச்ச நோவு இந்தச் சொல்யூஷன்ல வந்ததுன்னு டாக்டரம்மா சொல்றாங்க. இப்ப சுந்தரிக்கும் வந்துடுச்சு. உங்க கையக் காலப் பாத்துக்கோங்க. இடிக்காமலே நீலம் இருந்தா, பல்லுல ரத்தம் வந்தா, தூங்கியும் அசதி போவலன்னா, நாளைக்கே வேலூர் போய் ரத்தம் பாருங்க."

"பேஜார் பண்ணாத அமிர்தம். முதலாளி காதுல விழுந்தா என் வேலை போய்டும்" என்று நந்தகோபால் அவள் கையைப் பிடித்தார்.

"ஜன்னலத் தெறங்க சார். மொதல்ல அதச் செய்ங்க."

பிரஷ்கள் நின்றிருந்தன. பின்வரிசையில் ஒரு பெண் ரவிக்கைக் கையை மேலே தள்ளிப் பார்த்தாள். அவளுக்கு அடுத்தவளும் பார்த்தாள். அமிர்தவள்ளிக்குக் கண் இருட்டியது. மேசையைப் பிடித்தபடி உட்கார்ந்தவளை வாட்ச்மேனும் வஹீதாவும் சேர்ந்து ஒரு கைவண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நான்கு நாள் அவள் பாயைவிட்டு எழவில்லை.

கம்பெனியில் அதற்கு அடுத்த மாதம் ஜன்னல்களைத் திறந்து வைத்தார்கள். பசை ஒட்டும் மேசைகளைப் பின்பக்கம் திறந்த கொட்டகைக்கு மாற்றினார்கள். காற்றோட்டத்துக்காக என்று மட்டும் சொன்னார்கள். அமிர்தவள்ளியை இனிமேல் கேட்டுக்குள் விடக் கூடாது என்றும் வாட்ச்மேனுக்குச் சொல்லி வைத்தார்கள். சொல்யூஷன் டிரம் அதேதான் வந்துகொண்டிருந்தது.

சுந்தரிக்கு வந்தது அண்ணிக்கு வந்ததல்ல. அவளுக்கு ரத்தம் வற்றவில்லை. கெட்டுப் போன அணுக்கள் பெருகிக்கொண்டே போயின. ரத்தப் புற்று என்றார்கள். மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, ஜுரம் இறங்கவே இல்லை. அமிர்தவள்ளியின் மாத்திரைகள் இவளுக்கு உதவாது என்று டாக்டரம்மா சொன்னபோது, தன்னிடம் மீதியிருந்த மாத்திரை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே அமிர்தவள்ளி அதைக் கேட்டாள்.

கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம், சுந்தரி கண்ணை மூடியபடியே, "அண்ணி, உனக்கு இப்டித்தான் இருந்துச்சா? கண்ண தெறக்கறதே வேலையா இருக்கு" என்றாள்.

"இப்டித்தான்."

"நீ சும்மா சாஞ்சிக்கினு இருக்கன்னுதான் நான் நெனச்சேன். உன் குவியல நான் முடிச்சுக் குடுத்தப்பல்லாம்."

"தெரியும்."

"கோச்சிக்காத."

அமிர்தவள்ளி அவள் கால்களைப் பிடித்துவிட்டாள். நான்கைந்து தடவை அழுத்துவதற்குள் விரல்கள் ஓய்ந்துபோயின. கையை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். பதினோரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, 1982 ஐப்பசியில் சுந்தரி செத்துப்போனாள். இருபத்திரண்டு வயது.

காரியமெல்லாம் முடிந்து ஆட்கள் போன பிறகு கோவிந்தசாமி, "நீதான அவள அங்க சேத்த" என்றான். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அடுப்பில் உலையை வைத்துக்கொண்டே சொன்னான்.

"நான்தான்" என்றாள் அவள். "நிறுத்தச் சொன்னப்ப நீங்க வேணான்னீங்க. அதையும் சொல்லுங்க."

அவன் திரும்பிப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அவள் அப்படிப் பேசியதில்லை. அடுப்பை ஊதினான். அன்றைக்குச் சோறு குழைந்துபோனது. இருவரும் அதைத்தான் சாப்பிட்டார்கள். இதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவனும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. ஆனால் அது வீட்டுக்குள்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் அமிர்தவள்ளிக்கு மாத்திரையைக் குறைத்தார்கள். தாடை முடி கொஞ்சம் உதிர்ந்தது. குரல் திரும்பி வரவில்லை. பூரணி அணைக்கட்டிலேயே ஏழாவது எட்டாவது என்று படித்தாள். லீவுக்கு வந்தால் அம்மாவின் குரலுக்குப் பயப்படுவதில்லை, ஆனால் இரண்டு நாளில் மாமன் வீட்டுக்குப் போக வேண்டும் என்பாள்.

சுந்தரி போன இரண்டாம் மாதம், கம்பெனியில் வேலை செய்கிற கங்கம்மாள் என்பவள் கதவைத் தட்டினாள். அன்றைக்குப் பின்வரிசையில் ரவிக்கைக் கையைத் தள்ளிப் பார்த்தவள். "எனக்குப் பயமா இருக்குதுக்கா. வேலூர்ல எந்த வரிசையில நிக்கணும்னுகூடத் தெரியாது" என்றாள். அமிர்தவள்ளி அவளோடு பஸ் ஏறினாள். ரத்தம் எங்கே எடுப்பார்கள், சீட்டை எங்கே நீட்ட வேண்டும், எலும்பில் ஊசி போடும்போது எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும் எல்லாம் அவளுக்குத் தெரியும். கங்கம்மாளுக்கு ரத்தம் குறைந்துதான் இருந்தது. வேலையை விட்ட பிறகு ஒரு வருஷத்தில் தேறினாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி வந்தாள். அவள் தேறவில்லை.

1987 வரைக்கும் அப்படி ஒன்பது பெண்களை அமிர்தவள்ளி வேலூருக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் போய்வந்த பிறகு மூன்று நாள் எழ முடியாமல் படுத்துக்கிடப்பாள். "உனக்கு எதுக்கு இது? ஒடம்பப் பாரு மொதல்ல" என்று வஹீதா கஞ்சியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் திட்டுவாள். அமிர்தவள்ளி அதற்குப் பதில் சொல்ல மாட்டாள். பதில் சொல்லவும் தெம்பு வேண்டும். கஞ்சியைக் குடித்துவிட்டு, நாலாம் நாள் எழுந்து உட்கார்ந்து, தலைவாரிக்கொள்ள முடிகிறதா என்று கையைத் தூக்கிப் பார்ப்பாள்.